கிணற்றுப் படம் போட்ட ஆல்பம்

எத்திராஜுவின் காது அந்த வருஷம் ஆடி மாதத்தில் சாகத் தொடங்கியது. சாகிற காதிலிருந்து அவனுடைய பாட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து, எங்கள் தெருவில் ஆள் பார்த்துக் குடியேறின. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் ஃபிலோமினா டீச்சர். ஓர் ஆள் செத்தால் அவன் கட்டின வேட்டி சட்டையை நாலு பேருக்குக் கொடுப்பதில்லையா, காது செத்தால் காதில் இருந்ததை நாலு பேர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். டீச்சர் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்வோம். எங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர்.

எங்கள் பட்டறைத் தெரு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால், தகரம் வெட்டுகிற கம்பெனிகளின் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எத்திராஜு அதில் ஒரு கம்பெனியில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, டப்பா மூடி அடிக்கிற பிரஸ்ஸில் நின்றவன். நாள் முழுக்க இரும்பு இரும்பின் மேல் விழுகிற சத்தம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவி, கட்டிலில் படுத்து, முகத்தின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, வெள்ளைக்காரப் பிள்ளைகள் கிட்டாரை அறைந்து டிரம்ஸை உதைத்துத் தொண்டை கிழியக் கத்துகிற மெட்டல் பாட்டும் ராக் பாட்டும் கேட்பான். அங்கேயும் இடி இங்கேயும் இடியா, மத்தளம் கெட்டது போ என்று நாங்கள் கேலி செய்தால், பட்டறைச் சத்தம் முதலாளியோடது, இது என்னோடது என்பான்.

இங்கிலீஷ் அவனுக்கு அவ்வளவாக வராது, அந்தப் பாட்டுகளில் பாதி இங்கிலீஷும் கிடையாது. என்ன பாடுறான் என்று கேட்டால், கோவப்படுறான் என்பான். யார் மேல் என்று கேட்டால், அது நமக்கெதுக்கு என்பான். ஆல்பங்களின் பெயரை வாயில் நுழைக்க முடியாமல் அட்டைப் படத்தை வைத்தே பெயர் வைத்திருந்தான். ஆட்டு மண்டை, பனிமலை, குதிரை எலும்பு, எரிகிற மரம். மார்கழியில் ஊரெல்லாம் சபாக்களில் கச்சேரி நடக்கும்போது, எங்கள் தெருவில், வரதனின் இஸ்திரி வண்டி பக்கத்தில், கறிச்சோறு தின்றுவிட்டு எல்லோரும் பல் குத்திக்கொண்டிருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எத்திராஜு அந்த வருஷத்தின் பத்து ஆல்பங்களைப் பத்தாவதிலிருந்து ஒன்றாவது வரைக்கும் வாயால் சொல்லுவான். யாருக்கும் ஒரு எழவும் புரியாது. அவன் டீயும் மசால் வடையும் வாங்கித் தருவதால் போய் நிற்போம். சொல்லி முடித்த ஆல்பத்தை அவன் மறுபடி கேட்கமாட்டான், அது அவனுடைய சட்டம். சொன்னது முடிஞ்சது, புது வருஷத்துக்குப் புதுப் பாட்டு என்பான்.

அந்த வருஷம் மாதிரி ஒரு வருஷம் தன் ஆயுசில் வந்ததில்லை என்று சித்திரையிலேயே சொல்லத் தொடங்கிவிட்டான். வைகாசிக்குள் பத்தும் நிரம்பிவிட்டது. இனிமேல் கடவுளே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இடமில்லை என்றான். ஒன்றாம் இடத்துக்குக் கிணற்றுப் படம் போட்ட ஆல்பம் என்பதில் அவனுக்கு யோசனையே இல்லை. மேலிருந்து பார்க்கிற மாதிரி வறண்ட கிணறு, அடியில் ஒரு சின்ன வெளிச்சம். போலந்து நாட்டில் ஏதோ நிலக்கரி ஊர்க்காரர்கள் நாலு பேர் போட்டது. சுரங்கத்துக்குள் போய்த் திரும்பாத அண்ணனைத் தம்பி கூப்பிடுகிறான் என்று எத்திராஜு சொன்னான். படித்துச் சொன்னானா, தானே முடிவு செய்தானா தெரியாது. அதை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டான். தாங்காதுடா, நெஞ்சு வலிக்கும் என்று வரதனிடம் சொல்லியிருக்கிறான்.

முதல் குடியேற்றம் ஆடி வெள்ளிக்கிழமை நடந்தது. அம்மன் கோயில் கூழுக்கு வரிசையில் நின்ற இஸ்திரி வரதன் திடீரென்று சொம்பைக் கீழே வைத்துவிட்டு, விறுவிறுவென்று எத்திராஜு வீட்டுக்குப் போய், கோயில் விசேஷத்தன்றாவது அந்தச் சனியனை நிறுத்தக்கூடாதா என்று கத்தினான். எத்திராஜு கட்டிலில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தான். திரையில் கோடு நகர்ந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தும் வரவில்லை. அவனுக்கு மட்டுமல்ல, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் பெண்சாதி அஞ்சுகத்துக்கும் கேட்கவில்லை. அது ஆட்டு மண்டை ஆல்பம். அந்த நேரம் முழுக்க அது வரதனின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு என்று இறங்கின. ஒவ்வொரு ஆல்பம் போகும்போதும் உலகத்துச் சத்தத்தில் கொஞ்சத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போனது. ஆட்டு மண்டையோடு காக்காய்ச் சத்தமும் குக்கர் விசிலும் போயின. பனிமலையோடு கோலமாவுக்காரனின் குரல் போனது. குதிரை எலும்போடு பிரஸ் சத்தமே போனது. டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பட்டறையும் ஹெட்போனும் சேர்ந்து செய்த வேலை, இனி மருந்தில்லை, காதில் மாட்டுகிற மிஷினும் உதவாது என்றார். காது கேட்காதவன் பிரஸ்ஸில் நின்றால் கை போகும் என்று கம்பெனியில் அவனை மூடி அடுக்குகிற இடத்துக்கு மாற்றினார்கள். கடைசியாகக் கிணறு போன அன்று, அவன் காதில் மிச்சமிருந்த ஒரே சத்தமான அஞ்சுகத்தின் குரலும் அதோடு போனது.

எங்கள் தெருவோ முதலில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. வேப்பிலை அடித்தோம், தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கினோம், ஜெபக் கூட்டத்துக்கும் போய் வந்தோம். ஒன்றும் இறங்கவில்லை. பிறகு, வீட்டுக்கு வந்த மருமகளோடு பழகுகிற மாதிரி பழகிக்கொண்டோம். வரதனுக்குள் ஆட்டு மண்டை வெறி பிடித்து ஓடியதால் அவன் கை அதன் வேகத்துக்கே ஓடியது. நாள் முழுக்கத் தேய்க்கிற துணியை மத்தியானத்துக்குள் தேய்த்து முடித்தான், கொஞ்சம் சட்டைகள் கருகின. பனிமலை ஃபிலோமினா டீச்சருக்கு வந்தது. ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த அடிக்கு ஆள் செத்துப் பிழைக்கிற அளவு காத்திருக்கிற பாட்டு அது. டீச்சர் அந்தத் தாளத்திலேயே வாய்ப்பாடு நடத்தினார். ஈரேழு என்றுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார், பிள்ளைகளும் பார்க்கும், அப்புறம் பதினாலு வரும். அந்த இடைவெளியில் மண்டூகங்களுக்கும் கணக்கு ஏறிற்று, பிரம்பு எடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. கறிக்கடை காதர் பாய்க்குக் குதிரை எலும்பு. பாயின் கத்தி இரண்டு காலாலும் மிதித்து அடிக்கிற டிரம்ஸின் கணக்கில் விழுவதைப் பார்க்கவே பாடியிலிருந்தும் கொரட்டூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முழுகாமல் இருந்த செல்விக்கு ஒன்று வந்தது, அதன் தாளத்துக்கு வயிற்றில் பிள்ளை உதைத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பெண்ணுக்கு ஆல்பம் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் வேகமா நிதானமா என்று கேட்டுவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்கினார்கள்.

மனக்குறை ஒருவருக்குத்தான். வட்டச் செயலாளர் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. கொடி கட்டின வீட்டை விட்டுவிட்டுத் தண்ணி லாரி ஓட்டுகிற தேவராஜுவுக்குப் போகுமா என்று புழுங்கியவர், தனக்கும் ஒன்று வந்திருக்கிறது என்று ஒரு நாள் அறிவித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டோம். நாதஸ்வரம் நன்றாக வருகிறது என்றார். அத்தோடு விட்டுவிட்டோம்.

எத்திராஜு காது போனதற்காக அழுததை நாங்கள் பார்க்கவில்லை. வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் யாராவது ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வான். வரதனின் கையைப் பார்ப்பான், பாயின் கத்தியைப் பார்ப்பான், டீச்சரின் உதடு எப்போது திறக்கும் என்று காத்திருப்பான். அவர்களும் பாவம், சொல்லத்தான் பார்த்தார்கள். வரதன் ஒரு தடவை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இப்ப அந்தக் கிட்டாரு மேல ஏறுது, ஏறி, ஏறி என்று கையைத் தூக்கினான், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஊமை கண்ட கனவைச் செவிடனுக்குச் சொல்லுகிற கதைதான். எத்திராஜு தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவான், மறுநாளும் வருவான்.

அவன் தேடியது கிணற்றை. போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் காட்டினான். இது உங்ககிட்ட வந்துச்சா, பள்ளத்துல இருந்து ஒருத்தன் கூப்புடுற மாதிரி இருக்கும் என்று உரக்கக் கேட்டான். காது போனதிலிருந்து தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியாமல், எது சொன்னாலும் தெருவுக்கே சொல்லுகிற மாதிரிதான் சொன்னான். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அவன் தன் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அஞ்சுகம் அந்தப் பாட்டுகளை எவ்வளவு வெறுத்தாள் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஹெட்போனைத்தான் அவள் சக்களத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிணறு அஞ்சுகத்திடம்தான் இருந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை முடித்து வந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது வந்தது. முதலில் குடோன் ஷட்டரை இழுக்கிற சத்தம் என்று நினைத்தாளாம். பிறகு அதற்கு உள்ளே ஒரு குரல், குரலுக்கு உள்ளே ஒரு பள்ளம் என்று போய்க்கொண்டே இருந்ததாம். இதை அவள் சொன்னது ஃபிலோமினா டீச்சரிடம் மட்டும். டீச்சர் எங்களிடம் அப்புறம்தான் சொன்னார்.

"இத்தினி வருசமா மூஞ்சியில துண்டப் போட்டுக்கினு இந்த ஆளு எங்க போயிட்டு வர்றான்னு இப்பதான் தெரியுது டீச்சர். நான் அடுப்படியில நின்னு திட்டினே இருந்தேன். அவ்ளோ தூரத்துல இருந்திருக்கான்."

அப்படியானால் போய்ச் சொல்லேன் என்றாராம் டீச்சர். அஞ்சுகம் மாட்டேன் என்றாளாம்.

"சொன்னா என் முன்னாடியும் வந்து உட்கார்ந்துக்குவான். நாள் பூரா பார்ப்பான். என்னைய பார்க்க மாட்டான் டீச்சர், அதைத்தான் பார்ப்பான். கொஞ்ச நாளு இது என்கிட்டயே இருக்கட்டும். அவன்கிட்ட இருந்து எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான்."

கார்த்திகை பிறந்ததும் தெருவில் வேறு பேச்சு தொடங்கியது. நமக்குள் இருப்பவை எல்லாம் எத்திராஜுவின் பத்தில் உள்ளவை என்றால், யாருடையது எத்தனையாவது? இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் ஒன்றுமே வராத வட்டச் செயலாளர் என்பதைச் சொல்ல வேண்டும். அதுவரை ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்த வரதனும் தேவராஜுவும் முறைத்துக்கொண்டார்கள். செல்வியின் மாமியார் தன் மருமகளுடையது மூன்றுக்குக் கீழே போனால் குடும்பத்துக்கே அவமானம் என்றாள். எல்லோருமாகப் போய் எத்திராஜுவிடம் விரல் விட்டுக் காட்டி, இந்த மார்கழியும் சொல்லியே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டோம். கேட்காதவன் எப்படிச் சொல்வது என்று அவன் தயங்கினான். மனசில் இருக்கிறதைச் சொல்லு என்றோம். அவன் சரியென்றான். அவனுக்கும் அதைவிட்டால் என்ன இருந்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் வாடகை நாற்காலி போட்டு, ஒரு பந்தல் துணியும் கட்டி, வட்டச் செயலாளர் கையில் சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். அஞ்சுகம் பெண்களோடு அடிபம்பு ஓரமாக நின்றாள். எத்திராஜு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வண்டிப் பக்கத்தில் நின்று, இந்த வருசம் நல்ல வருசம் என்று ஆரம்பித்தான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. பிறகு, பத்தாவது, தேவராஜுகிட்ட இருக்கிற எரிகிற மரம் என்று சொன்னான்.

சொல்லி வாய் மூடவில்லை, தேவராஜு இரண்டு காதையும் பொத்தித் திறந்து பார்த்தான். கரண்ட் போன வீட்டில் நிற்கிறவன் மாதிரி நாலு பக்கமும் பார்த்தான். போயிடுச்சு என்றான். ஒன்பதாவது என்று சொன்னதும் இன்னொருவருக்குப் போனது. எட்டாவது செல்வியுடையது, அவள் மடியில் கிடந்த கைப்பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் காலை ஆட்டாமல் கிடந்தது. சொன்னது முடிந்தது என்கிற அவனுடைய சட்டம் அவன் காதோடு சாகவில்லை என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் கையை ஆட்டி ஜாடை காட்டியதில் அவனுக்கும் புரிந்தது. நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் போனவர்கள் விடவில்லை. எங்களுக்கு மட்டும் போகணும், மீதிப் பேர் வைத்துக்கொள்ளணுமா என்று தேவராஜு எழுந்து நின்றான். அது நியாயம் மாதிரியும் பட்டது. ஏழு, ஆறு, ஐந்து என்று சொல்லவைத்தோம். நாலாவது என்றபோது வரதனின் கை இஸ்திரிப் பெட்டி மேல் அப்படியே நின்றது. மூன்றாவது பனிமலை என்றதும் ஃபிலோமினா டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காதர் பாய் மட்டும் முன்னால் வந்து எத்திராஜுவின் கையைப் பிடித்து, அவனுக்குத் தெரிகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்து, என்னோடதை விட்டுடு எத்திராசு, நான் பாட்டுக்குக் கறி வெட்டினு போறேன் என்றார். எத்திராஜு அவரைப் பார்த்தான், தேவராஜுவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். ரெண்டாவது உங்களோடது, பாய் என்று அவரிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னான். பாய் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

பிறகு எத்திராஜு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"ஒண்ணாவது சொல்ல மாட்டேன். கெணறு இங்க யார்கிட்டயோ கீது. காட்டிக்க இஷ்டம் இல்லன்னா போவட்டும். எங்கயாச்சும் ஒரு தலையில அது ஓடிட்டு இருக்கட்டும். அது போதும் எனக்கு."

அடிபம்பு பக்கத்தில் அஞ்சுகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மூச்சு விட்டாள், அவ்வளவுதான் அந்த அழுகை. கிணறு பிழைத்தது என்கிற சந்தோஷ அழுகை. ஆனால் அவள் தோள் ஒரு கணக்கில் குலுங்கியது; குலுங்கும், நிற்கும், இரண்டு தரம் குலுங்கும், நிற்கும். அந்தக் கணக்கு எத்திராஜுவுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். அவன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினான்.

"உன்கிட்டயா?" என்றான். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். "இத்தையா இவ்ளோ நாளு சொமந்துக்கினு அடுப்புல நின்ன? எனக்கே வாரத்துக்கு ஒரு வாட்டிக்கு மேல தாங்காதே. நான் பாட்டுக்குத் தெருவெல்லாம் தேடினேன், உன் மொகத்தை ஒரு தபா பார்க்கலியே."

சொல்லிக்கொண்டே அவளை அணைத்துக்கொண்டான். எங்கள் தெருவில், பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால் ஒருவன் பெண்சாதியை அணைத்து நாங்கள் பார்த்ததில்லை, அதனால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் முகம் அவன் சட்டைக்குள் புதைந்திருந்தது. அவன் என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேணாம்யா, சொல்லாத, எனக்கு அது பாரமில்ல, எனக்கு வேணும் என்று அந்தச் சட்டைக்குள்ளேயே கத்தினாள். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அவன் அவள் உதட்டைப் பார்க்க முடியாது. அவள் திமிறத் திமிற, தாங்க முடியாமல்தான் திமிறுகிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"ஒண்ணு," என்று அவள் தலைக்கு மேலே, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான், "என் அஞ்சுகத்துகிட்ட இருக்கிற கெணறு."

அவள் தோள் நின்றது. அவன் அவளை விலக்கிப் பிடித்து, போச்சா என்று கேட்டான். அப்போது அவன் அவள் முகத்தைத்தான் பார்த்தான். அதில் எதையும் தேடாமல், அவளை மட்டும் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு, போச்சு என்று தலையசைத்தாள்.

அந்த வருஷத்தில் தான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று எத்திராஜு இப்போதும் எங்களிடம் சொல்கிறான். போலந்தில் அந்த நாலு பேருடைய பாட்டு இன்னும் கேட்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் எந்தப் போனில் போட்டாலும் கோடு மட்டும் நகர்கிறது. வேலை விட்டதும் அவன் நேராக வீட்டுக்கு வந்து, கால் கழுவி, அடுப்படி வாசலில் உட்கார்ந்து அஞ்சுகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்ப பாரம் எறங்கிச்சா என்று தினமும் கேட்கிறான். எறங்கிச்சு என்று அவள் வாயை நன்றாக அகலமாகத் திறந்து, அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறாள்.